தாழ்த்திய குரல்

ரெக்கார்டரை மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். பிறகு போட்டுக் கேட்டால் மழை பெய்வதுபோல் ஒரே இரைச்சலாக இருக்கும். நான் சொன்னதில் பாதி காதில் விழாது. ஜன்னல் ஓரமாக, அந்தக் கைத்துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். இப்போது சரி. மனிதர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு, அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆரம்பிக்கும் முன் பேசுகிறவருக்கு வசதியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அண்ணன் என் அலுவலகத்துக்கு வந்த மத்தியானத்திலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். அங்கே ஆரம்பித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரி போலத் தெரிவேன். அடியிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். கேட்டால் உங்களுக்கே புரியும்.

எங்களுடையது சின்ன ஆய்வு மையம். மற்றவர்கள் திருநங்கைகளைப் பற்றி ஆய்வு செய்வார்கள். நாங்கள் அவர்களோடு சேர்ந்து செய்வோம். இந்த வித்தியாசத்துக்காக நான் நிறைய பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஊரின் பழைய பகுதியில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து ஏழெட்டு பேர் ஒன்றாக இருந்தார்கள். முதல் நாள் படியேறிப் போனபோது, வீட்டுக்கு மூத்தவராக இருந்த பெரியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"டாக்டரம்மான்னு சொன்னாங்க. ஊசி போடுற டாக்டரா, பேப்பர் எழுதுற டாக்டரா?"

"பேப்பர் எழுதுறதுதாங்க."

"அப்போ செருப்பைக் கழட்டிட்டு வாங்க. ஊசி போடுறவங்கன்னா செருப்போடவே விட்டிருப்பேன், அவங்களால எங்களுக்கு ஒரு உபயோகம் உண்டு."

உள்ளே எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றிப் பெரியம்மா பொரிந்து தள்ளினார். "ஆபரேஷன் எப்ப பண்ணீங்க, வலிச்சுதா, ராத்திரி எங்க போவீங்கன்னு கேட்டாங்க. சாப்பிட்டீங்களான்னு ஒருத்தர் கேக்கலை. புத்தகம் வந்துச்சாம். அதுல நாங்க இருக்கோமாம். எங்க கண்ணுல காட்டலையே." அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. நான் வேறு மாதிரி நடந்துகாட்டுகிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்தேன். நடந்தும் காட்டினேன்.

கேள்விகளை அவர்களே போட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கதவைத் திறக்கிறவர் முதலில் எதைப் பார்க்கிறார். ஆஸ்பத்திரியில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் எழுந்து போவீர்களா, உட்கார்ந்தே இருப்பீர்களா. இப்படி. எனக்கு இருபது வருஷம் யோசித்தாலும் தோன்றியிருக்காத கேள்விகள். பேசியதை வெளியில் விடும் முன் பேசியவருக்கே போட்டுக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் முழுசாகவோ பகுதியாகவோ திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரியம்மாவின் நிபந்தனை. அதோடு நான் இரண்டு சேர்த்தேன். ஒருவர் திரும்ப எடுத்துக்கொண்டதை நாங்கள் கேட்காததாகவே நினைத்து நடக்க வேண்டும். இரண்டாவது, திரும்ப எடுத்துக்கொள்ள ஆளே நேரில் வந்து கேட்க வேண்டும்; போனில் சொன்னால், பக்கத்தில் யார் நின்று மிரட்டுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? பெரியம்மா அதைக் கேட்டு, "பரவாயில்லையே, பேப்பர் டாக்டருக்கும் மூளை இருக்கு" என்றார். அது எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வீட்டில்தான் அவள் இருந்தாள். ஒரு டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. வீட்டில் கூப்பிட்டால்கூட வாய் பழக்கத்தில் "ஹலோ" என்றுதான் திரும்புவாள் என்று எல்லோரும் அவளுக்கு ஹலோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல உயரம், வெடவெடவென்று இருப்பாள். வேலைக்குப் போகும் உடுப்பில் ஒரு சுருக்கம் பொறுக்க மாட்டாள். போனில் அவள் பேசிக் கேட்க வேண்டும். நிதானமாக, கொஞ்சம் சிரிப்பு கலந்து, எதிர்முனையில் இருப்பவர் அவசரத்தை மறந்துவிடுகிற மாதிரி ஒரு குரல். வருஷக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி உண்டாக்கிய குரல் அது. வேலை செய்யுமிடத்தில் ஒருவருக்கும் அவளைப் பற்றித் தெரியாது. அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது, அவளைத் தெருவில் நிம்மதியாக நடக்கவும் விட்டது.

உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் எனக்குக் கதை சொன்னாள். ஒரு நாள் மத்தியானம் டாக்ஸி கம்பெனிக்கு ஒரு போன் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும் என்று ஒரு வயதான அம்மா கேட்டாராம். அது அவளுடைய சொந்த அம்மா. வீட்டை விட்டு வந்த பிறகு அம்மாவின் குரலை அன்றுதான் கேட்டாள்.

"அட்ரஸ் சொல்லுங்கம்மான்னேன், அக்கா. எனக்குத் தெரியாத அட்ரஸா? ஆனாலும் முழுசா சொல்ல வெச்சேன். பக்கத்துல அடையாளம் ஏதாவது இருக்காம்மான்னு கேட்டேன். நீலக் கேட்டுன்னாங்க. அந்தக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சதே நான்தான். வேற எதுவும் வேணுமாம்மான்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம், நீ நல்லா இரும்மான்னாங்க. அக்கா, எங்கம்மா என்னை 'ம்மா'ன்னு கூப்பிட்டது அந்த ஒரு தடவதான்."

பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இருக்கிறதுலயே நல்ல டிரைவரா பாத்து அனுப்பினேன்" என்றாள். அவ்வளவுதான் கதை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் அலைந்து சேர்த்த பதிவுகள் எல்லாம் இதற்கு முன்னால் உப்புச் சப்பில்லாமல் போய்விட்டன. எங்கள் வேலை முழுக்க இனி இந்தக் கதையின் மேல்தான் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் அன்று இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆளை அடையாளம் தெரியாமலிருக்கக் குரலை மாற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் ஒலிப்பதிவாளர் தலை நரைத்த மனிதர், பொறுமைசாலி. முதலில் குரலை ஏற்றிப் பார்த்தார். பொம்மை பேசுவதுபோல் கீச்சுக்கீச்சென்று வந்தது. அம்மா வருகிற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தாழ்த்தினார். கனமான, தழுதழுத்த குரல். ஒரு வாலிபன் தன் அம்மாவைத் தேடுவதுபோல இருந்தது. இதுதான், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவளுக்குப் போட்டுக் காட்டினோம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்து, அது ஏதோ கடித்துவிடும் என்பதுபோல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"அக்கா, இது என் பழைய குரல்."

"மாத்துன குரல்மா. மெஷின்ல தாழ்த்தினது."

"நீங்க தாழ்த்தினீங்க, அது அங்கேயே போய் நின்னுடுச்சு. இதைத் தொலைக்கத்தானே நான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். வெளியில யாருக்கும் தெரியாதுக்கா. எங்க வீட்ல தெரியும். எங்கண்ணனுக்குத் தெரியும். தயவு செஞ்சு இதை வெளிய விட்டுடாதீங்க."

சாதாரண ஆட்களிடம் இந்தத் தவறு நடக்காது. வேறு யாருடைய குரலைத் தாழ்த்தினாலும் யாரோ ஒருவருடைய குரல் வரும். இவளுடையதைத் தாழ்த்தினால் இவளே வருகிறாள். நானும் ஒலிப்பதிவாளரும் இதை யோசிக்கவே இல்லை. அது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திடறேன்மா, வேறு ஒருத்தரை விட்டுப் படிக்க வைக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஒரு நாடக நடிகையை அழைத்துப் படிக்கவும் வைத்தேன். அந்த அம்மாள் ஒவ்வொரு வரிக்கும் மூக்கை உறிஞ்சினார். கேட்கச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் வானொலிக்காரர்கள் எங்கள் பதிவுகளைக் கேட்டு வந்தார்கள். நான் தாழ்த்திய குரலைக் கொடுத்தேன். மாற்றுகிறேன் என்று அவளிடம் சொன்னது பொய்யில்லை. எப்போது என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயர் இல்லை, தெரு இல்லை, கம்பெனி பெயர் இல்லை. ஊரில் எத்தனையோ அம்மாக்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடுகிறார்கள். வானொலியில் வந்த அன்று எனக்கு விடாமல் போன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன் என்றார் ஒருவர். ஒரு பெண் தன் பிள்ளையைத் தேடிப் போய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு ஆய்வு இப்படி ஒரு வீட்டின் கதவைத் திறந்தால் அதற்குமேல் என்ன வேண்டும்? எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதை மறைப்பானேன்.

மறுநாள் காலையில் அவள் போன் செய்தாள். எப்போதும் போல அதே நிதானமான குரல்தான், ஆனால் சிரிப்பு இல்லை.

"டிரைவர் ஒருத்தர் ஆபீஸ்ல ரேடியோ வெச்சிருந்தாரு. திடீர்னு என் பழைய குரல் பேசுது. எல்லாரும் வாயப் பொளந்துட்டுக் கேக்குறாங்க. நான் அங்கேயே உக்காந்திருக்கேன். மாத்திடறேன்னு சொன்னீங்களே அக்கா?"

நான் சமாதானம் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு எதுவுமே வேணாம். நான் பேசினது மொத்தத்தையும் எடுத்துக்கிறேன். இன்னைக்கு லீவு கேட்டா சந்தேகம் வரும். நாளைக்குக் காலைல நேர்ல வர்றேன்."

"தாராளமா வாம்மா. உன் உரிமை அது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறு ஒலிபரப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது. புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அவள் கதையை உருவிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? வாடகைக்கு வீடு கிடைக்காத கதை. அது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வண்டியை நிறுத்தி அழமாட்டார்கள்.

அந்த மத்தியானம் அண்ணன்காரர் வந்தார். வானொலி நிலையத்தில் விசாரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். தலை படிய வாரி, சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். உட்காருங்கள் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"மேடம், ரேடியோல பேசினது என் தம்பி."

"அது மாத்தின குரலுங்க."

"மாத்தலைங்க. அதுதான் அவன் குரல். ஒரே பாயில படுத்து வளர்ந்தோம், எனக்குத் தெரியாதா? அம்மா அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் எனக்குத் தெரியும். எவனோ ஒரு டிரைவர் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் விட்டான்னு அம்மா சொல்லிட்டே இருக்கும்."

அம்மாவுக்கு முடியவில்லை, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றார். கண் கலங்கியிருந்தது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

அவள் திரும்ப எடுத்துக்கொண்ட பகுதி இவரைப் பற்றியது. பெரியம்மா உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார், அதனால் நான் சொல்வதில் குற்றமில்லை. வீட்டை விட்டு வரும் முன் இவர் அவளைப் பூட்டிவைத்து, கழுத்தில் கயிற்றைப் போட்டு இறுக்கியிருக்கிறார். குடும்ப மானத்தை வாங்கிட்டே, இனிமே எங்கயாவது கண்ணுல பட்டா முடிச்சுடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தழும்பை மறைக்கத்தான் அவள் எப்போதும் கழுத்துவரை மூடிய உடுப்பாகப் போட்டாள். ஆனால் போட்டுக் காட்டிய அன்று, "அண்ணனைப் பத்தினது வேணாம்க்கா, என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்" என்று அதை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதைக் கேட்காததாகவே நினைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் போட்ட விதி. அதனால் அந்த மத்தியானம் என் எதிரில் இருந்தவர் நோயாளி அம்மாவின் பிள்ளை, அவ்வளவுதான். வேறு எதையும் வைத்து அவரை எடைபோட எனக்கு அனுமதி இல்லை.

"வீட்டுல அவனோட ஆளுங்க இருப்பாங்கல்ல. தனியா எப்ப கிடைப்பான்?" என்று கேட்டார்.

'கிடைப்பான்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. சொற்களைக் கவனிப்பதுதானே என் தொழில். ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பேசமாட்டார்கள். பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தால் எல்லோரும் சேர்ந்து அவரைத் துரத்தியிருப்பார்கள். குடும்பத்து விஷயம் பேச அங்கே தோது இல்லை. அதனால் டாக்ஸி கம்பெனியைச் சொன்னேன். முன்பக்கம் டிரைவர்கள் கூட்டம் என்று அவள் பின்பக்கப் படிக்கட்டில்தான் இறங்குவாள், எல்லோரும் போன பிறகு கடைசியாகத்தான் வருவாள் என்று சொன்னேன். படிக்கட்டில் விளக்கு எரியாது, பார்த்துப் போங்கள் என்றும் சொன்னேன். அது அக்கறையாகச் சொன்னதுதான்.

அவர் எழுந்தபோது ஒரு நிமிஷம் உட்காரச் சொன்னேன். ரெக்கார்டரை அவர் பக்கம் நகர்த்தி, தங்கையின், அவர் கணக்கில் தம்பியின், பேச்சை நாங்கள் பயன்படுத்த அவருக்குச் சம்மதமா என்று கேட்டேன். "செஞ்சுக்குங்க" என்றார். அந்தப் பதிவுதான் உங்கள் கையில் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக்காரர்கள்தான் அவளுக்குக் குடும்பம் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் மையத்தில் குடும்பம் என்றால் இரத்த உறவு.

அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இத்தனை நாளில் யாரும் கேட்காதது. குடும்பத்தாரிடம் எப்போது சம்மதம் வாங்குவீர்கள் என்று கேட்டீர்கள். பேசியவர் இறந்துபோயிருந்தால் மட்டும். உயிரோடு இருப்பவருக்காக நாங்கள் யாரிடமும் சம்மதம் வாங்குவதில்லை. ஆம், அவர் வந்த மத்தியானம் அவள் உயிரோடு டாக்ஸி கம்பெனியில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு மாற்றாத மூலப் பதிவை அழித்தேன். தாழ்த்திய குரல் வெளியானதும் மூலத்தை அழித்துவிட வேண்டும், பேசியவரின் பாதுகாப்புக்காக. அதைச் செய்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அவள் குரல் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. எவ்வளவு முயன்றாலும் அந்த வாலிபன்தான் பேசுகிறான். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, பக்கத்து அறையிலிருந்து நிதானமாகக் கேட்கிறான், "வேற எதுவும் வேணுமாம்மா?" என்று. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பயமாக இருக்கிறது, மனம் விட்டுச் சொல்கிறேன். அவள் வந்து பேசினால்கூடப் பரவாயில்லை, அவளாக வரமாட்டேன் என்கிறாள். டாக்ஸி கம்பெனிக்கு ஒரு தடவை போன் போட்டேன். வேறு ஒரு பெண் எடுத்தாள். வைத்துவிட்டேன்.

பெரியம்மா என்னைப் பார்க்கக்கூட வரவில்லை. மறுநாள் மத்தியானம் போனில் ஒரே ஒரு வரி சொன்னார்: "ஹலோவைப் படிக்கட்டுல போட்டுட்டுப் போயிட்டான் டாக்டரம்மா." அழுகை இல்லை, திட்டு இல்லை. அவர் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சொல்ல என்னிடம் நியாயம் இருந்தது. அவள் கதை இன்று எத்தனை வீடுகளில் கேட்கிறது தெரியுமா? உயிரோடு இருந்திருந்தால் மூடி மறைத்திருப்பாள்.

அவள் பேச்சைத் திருடினேன் என்கிறீர்கள். அது மட்டும் தப்பு. அவள் வருவதாகச் சொன்ன அன்று காலையில் சீக்கிரமே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், கதவைத் திறந்தே வைத்திருந்தேன், தாழ்த்திய பதிவை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை காத்திருந்தேன். நேரில் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள்தான் வரவில்லை.